சத்தம் நின்றால் மட்டும் போதுமா?
(தொடர்கல்வி மையத்தில் ஆற்றிய உரை)



மும்பையில் வாழும் நம் மக்கள் பலவிதமான வேலை செய்கிறார்கள். சிலர் எலெக்ட்ரீஷியனுக்கு உதவியாளர்கள். சிலர் கட்டடங்களில் வாட்ச்மேன்கள். பல தாய்மார்கள் வீடுகளில் வேலை செய்கிறார்கள். இவர்கள் எல்லோரும் இப்போது ஒரு சின்னப் பொருளைப் பார்க்கிறார்கள். ஜன்னல் ஓரத்தில் வெள்ளையாக, தீப்பெட்டி போல ஒட்டி இருக்கும். அதன் பெயர் சென்சார். ஜன்னலை யாராவது திறந்தால் அது தெரிவிக்கும். உடனே சைரன் ஊதும்.

இந்தச் சென்சார் கெட்டுப் போனால் எப்படிப் பழுது பார்ப்பது? கழற்றியதை எப்படித் திரும்பப் பொருத்துவது? இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

அது எப்படி வேலை செய்கிறது?

சென்சாரில் இரண்டு துண்டுகள் உண்டு. பெரிய துண்டு, அசையாத சட்டத்தில் இருக்கும். சின்னத் துண்டு, திறந்து மூடும் கதவில் இருக்கும். சின்னத் துண்டுக்குள் இருப்பது ஒரு காந்தம். அவ்வளவுதான்.

பெரிய துண்டுக்குள் மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு. அதற்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். இதை ரீட் ஸ்விட்ச் என்பார்கள். 1936-ல் அமெரிக்காவில், பெல் டெலிபோன் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் என்ற பொறியாளர் இதை உருவாக்கினார்.

ஜன்னல் மூடி இருக்கும்போது காந்தம் பக்கத்தில் இருக்கும். தகடுகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் ஓடும். ஜன்னலைத் திறந்தால் காந்தம் விலகும். தகடுகள் பிரியும். மின்சாரம் நிற்கும். உடனே சைரன் ஊதும். பெரும்பாலான வீட்டுச் சென்சார்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன.

வந்தவர் திருடனா, வீட்டுக்காரரா? சென்சாருக்குத் தெரியாது. காந்தம் பக்கத்தில் இருக்கிறதா, இல்லையா? அதற்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

இரண்டு விதமான பழுது

ஒன்று, கத்துகிற பழுது. ஜன்னல் மூடியே இருக்கும். ஆனாலும் சைரன் ஊதும். நடு இரவில் வீடே எழுந்துவிடும். இரண்டு, மூன்று முறை இப்படி நடந்தால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? எரிச்சலில் கருவியையே அணைத்து வைத்துவிடுவார்.

மற்றொன்று, ஊமைப் பழுது. ஜன்னல் திறந்தாலும் சைரன் ஊதாது. உள்ளே தகடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் போயிருக்கலாம். கத்துகிற பழுது தானே தெரிந்துவிடும். ஊமைப் பழுது, திருட்டு நடந்த பிறகுதான் தெரியும். ஆகவே இதுதான் பெரிய ஆபத்து.

"ஒயர் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிட்டால் சத்தம் நின்றுவிடுமே?" என்று சிலர் கேட்பார்கள். நிற்கும், உண்மைதான். கழன்று விழுந்த காந்தத்தைச் சென்சார் மேலேயே ஒட்டி வைத்தாலும் நிற்கும். ஆனால் என்ன செய்தோம்? கத்துகிற பழுதை ஊமைப் பழுதாக மாற்றிவிட்டோம். அந்த ஜன்னலுக்கு இனிமேல் காவல் கிடையாது. வீட்டுக்காரரோ காவல் இருக்கிறது என்று நம்பித் தூங்குவார்.

நாளைக்கு ஏதாவது திருட்டுப் போனால் முதலில் யாரைச் சந்தேகப்படுவார்கள்? வேலைக்கார அம்மாவை. வாட்ச்மேனை. கடைசியாக வந்து பழுது பார்த்தவரை. ஆகவே இது சின்ன வேலை அல்ல. ஏழைகளின் மானம் இதில் இருக்கிறது.

பழுதைக் கண்டுபிடிப்பது

முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். கருவியை அவரே அணைக்கட்டும். அவர் ரகசிய எண்ணை அழுத்தும்போது நீங்கள் வேறு பக்கம் பாருங்கள். அந்த எண் நமக்குத் தெரியாமல் இருப்பதே நமக்குப் பாதுகாப்பு.

சுவரில் உள்ள பெரிய பெட்டியைத் திறக்காதீர்கள். அதற்கு 230 வோல்ட் மின்சாரம் வருகிறது. அது பயிற்சி பெற்ற எலெக்ட்ரீஷியன் வேலை.

பிறகு நான்கு இடங்களைப் பாருங்கள்.

1. காந்தம்: விழுந்துவிட்டதா? தள்ளிப் போய்விட்டதா? மழைக்காலத்தில் மரச்சட்டம் ஊதும். ஜன்னல் முழுவதும் மூடாது. இழுத்துத் திறக்கும் அலுமினிய ஜன்னலில் சக்கரம் தேய்ந்தால் கதவு இறங்கிவிடும். அப்போது இடைவெளி அதிகமாகும். சென்சாரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. ஜன்னலைத்தான் சரிசெய்ய வேண்டும்.

2. பேட்டரி: ஒயர் இல்லாத சென்சாரில் பேட்டரி இருக்கும். பலவற்றில் அது காசு போன்ற வட்டமான செல். பழைய செல்லின் மேல் உள்ள எழுத்தைப் படியுங்கள். சி.ஆர். 2032 என்று இருந்தால், 20 என்பது அகலம், 20 மில்லிமீட்டர். 32 என்பது கனம், 3.2 மில்லிமீட்டர். அதே எண் உள்ள செல்லையே வாங்குங்கள். கூட்டல் குறி உள்ள பக்கத்தைப் பார்த்துப் போடுங்கள்.

3. ஒயர்: எலி கடித்திருக்கலாம். திருகு துருப்பிடித்திருக்கலாம். கடலோர ஊரில் துரு சீக்கிரம் வரும். துருவைச் சுரண்டி, முனையைப் புதிதாகச் சீவி, இறுக்கிப் பூட்டுங்கள். சில இடங்களில் ஒயர் முனையில் ரெசிஸ்டர் என்ற சின்னப் பொருள் இருக்கும். அதைப் பிடுங்கி எறியக் கூடாது.

4. ஸ்விட்ச்: ஒயர் உள்ள சென்சாரைக் கழற்றி மீட்டரில் வைத்துப் பாருங்கள். காந்தத்தைப் பக்கத்தில் கொண்டு போனால் மீட்டர் 'பீப்' என்று ஒலிக்க வேண்டும். விலக்கினால் ஒலி நிற்க வேண்டும். எப்போதும் ஒலித்தாலும் தவறு. ஒருபோதும் ஒலிக்காவிட்டாலும் தவறு. ஸ்விட்ச் கெட்டுவிட்டது. புதிய சென்சார்தான் போட வேண்டும். உள்ளே இருப்பது கண்ணாடி. தட்டக் கூடாது, வளைக்கக் கூடாது.

திரும்பப் பொருத்துவது

பழைய பசையைச் சுரண்டி எடுங்கள். இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். தூசியின் மேலோ ஈரத்தின் மேலோ டேப் ஒட்டாது. இருபக்கமும் ஒட்டும் டேப்பை வைத்து அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மழைச் சாரல் படும் இடமென்றால் திருகு போடுவது நல்லது.

இரண்டு துண்டிலும் சின்னக் கோடோ அம்புக்குறியோ இருக்கும். ஜன்னலை மூடினால் அந்த இரண்டும் நேருக்கு நேர் வர வேண்டும். இடைவெளி 1 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. கூட வரும் தாளில் சரியான அளவு போட்டிருக்கும். படித்துப் பாருங்கள்.

இரும்பு ஜன்னலா? கவனம் வேண்டும். இரும்பு, காந்தத்தின் சக்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இரும்புக்கும் காந்தத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டையோ மரத் துண்டையோ வையுங்கள். அலுமினியத்தில் இந்தத் தொல்லை இல்லை.

சோதித்துப் பார்ப்பது

பொருத்தியாயிற்று. வேலை முடிந்ததா? இல்லை.

கருவியைச் சோதனை நிலையில் வைக்கச் சொல்லுங்கள். ஜன்னலைத் திறந்து மூடுங்கள். மூன்று முறை செய்யுங்கள். மூன்று முறையும் அது தெரிவிக்க வேண்டும். பிறகு ஜன்னலை மூடி, கையால் லேசாக ஆட்டிப் பாருங்கள். காற்றில் ஆடுவது போல ஆட்டினால் போதும். அப்போது அது ஒலிக்கக் கூடாது.

இப்படி மாதம் ஒரு முறை எல்லா ஜன்னலையும் திறந்து பார்க்கும்படி வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். ஊமைப் பழுதைப் பிடிக்க வேறு வழி இல்லை.

ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதி, எந்த ஜன்னல், என்ன பழுது, என்ன செய்தோம். கீழே வீட்டுக்காரரின் கையெழுத்தை வாங்குங்கள். நம் கையெழுத்தையும் போடுங்கள். நாளை யாராவது சந்தேகப்பட்டுக் கேட்டால், அந்த நோட்டு நமக்காகப் பேசும். எழுதப் படிக்கக் கற்றது இதற்கும் உதவும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

காசு போன்ற செல்லைக் குழந்தை கையில் படும்படி வைக்காதீர்கள். மிட்டாய் என்று நினைத்து விழுங்கிவிடும். தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். உயிருக்கே ஆபத்து. விழுங்கியது போல் சந்தேகம் வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அவசர உதவிக்கு 112 என்ற எண்ணைக் கூப்பிடலாம். தீர்ந்து போன செல்லிலும் இந்த ஆபத்து உண்டு. அதன் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, தனியாக எடுத்து வையுங்கள்.

நண்பர்களே! சத்தத்தை நிறுத்துவது யாராலும் முடியும். ஒலிக்க வேண்டிய நேரத்தில் ஒலிக்கும்படி செய்வதே பழுது பார்ப்பது. அப்படிச் செய்பவரை மக்கள் நம்பி மறுபடியும் கூப்பிடுவார்கள்.