இனிப்பு எல்லாம் சர்க்கரை ஆகுமா?



சாக்கரின் என்ற பெயரைப் பலரும் கேட்டிருப்பீர்கள். இது கரும்பில் இருந்து வருவது அல்ல. ஆலையில் செய்யும் ரசாயனப் பொருள்.

1879-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பால்டிமோர் என்ற நகரம். அங்கே ஃபால்பெர்க் என்ற விஞ்ஞானி நிலக்கரித் தாரில் கிடைக்கும் பொருள்களை ஆராய்ந்து வந்தார். ஒரு நாள் கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார். கை பட்ட ரொட்டி இனித்தது. அப்படித்தான் சாக்கரின் தெரிய வந்தது. சர்க்கரையைவிட இது சுமார் 300 மடங்கு இனிக்கும்.

இதில் முக்கியமாக மூன்று வகை உண்டு.

முதலாவது, வெறும் சாக்கரின். இது தண்ணீரில் எளிதில் கரையாது. ஒரு கிராம் கரைய ஒரு டம்ளருக்கும் அதிகமான தண்ணீர் வேண்டும்.

இரண்டாவது, சோடியம் சாக்கரின். இது சட்டென்று கரையும். அதனால் இதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். சோடியம் என்பது சமையல் உப்பிலும் இருப்பது.

மூன்றாவது, கால்சியம் சாக்கரின். இதுவும் நன்றாகக் கரையும். சோடியத்தைக் குறைக்க வேண்டியவர்களுக்கு இது ஏற்றது.

வகை மூன்று, குணம் ஒன்று. மூன்றும் நாக்குக்கு இனிக்கும். கடைசியில் லேசாகக் கசக்கும். உடம்புக்குச் சக்தி தராது. பெரும்பாலும் அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடும். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது. அதனால் சர்க்கரை நோயாளிக்கு இது வசதிதான். ஆனால் இரண்டு இடங்களில் ஏமாந்துவிடக் கூடாது.

ஒன்று, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும்போது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே கரைசல் செய்கிறோம். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. குடலில் இருந்து உப்பையும் தண்ணீரையும் உடம்புக்குள் கொண்டு செல்வது சர்க்கரைதான். சாக்கரின் அந்த வேலையைச் செய்யாது. தண்ணீர் இனிக்கும், குழந்தையோ வாடிக்கொண்டே போகும்.

இரண்டு, சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்குத் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றும்போது. ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கலாம். உடனே 3 அல்லது 4 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். சாக்கரின் கலந்த தண்ணீர் காப்பாற்றாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

வீட்டில் சாக்கரின் இருந்தால் சர்க்கரை டப்பாவின் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி டப்பாவின்மேல் ஒட்டுங்கள். எழுதப் படிக்கக் கற்றவர்கள் கையாலேயே அது நடக்கட்டும்.