நாயின் மேனியில் செம்புள்ளிகள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமக்கு முன் பேசியவர்கள் தமிழின் இனிமையையும், இம் மும்பை மாநகரில் தமிழர் பெற்ற ஏற்றத்தையும் அழகுற எடுத்துரைத்தார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ வீட்டு வாயிலில் படுத்திருக்கும் ஒரு வாயில்லா ஜீவனைப் பற்றியது. நாம் மருத்துவம் பயின்றவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளுபவர். ஆயினும் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும், நூல்களைப் புரட்டியும் நாம் தெரிந்துகொண்டவை, நாய் வளர்க்கும் இல்லங்களுக்குப் பயன்படும் என்று செயலாளர் அவர்கள் கருதியதால் உங்கள் முன் நிற்கின்றோம்.

நாயின் தோல் சிவப்பதற்குக் காரணங்கள் பல. தெள்ளுப்பூச்சி கடித்தால் சிவக்கும். ஈக்கள் அடிவயிற்றில் கடித்தால் வட்டமாகச் சிவக்கும். ஒவ்வாமையாலும் சிவக்கும். இவை பெரும்பாலும் அரிப்பன. நாய் சொறிந்துகொண்டும் நக்கிக்கொண்டும் இருக்கும். ஆனால் வேறொரு வகைச் சிவப்பு உண்டு. குண்டூசி முனையளவுள்ள செம்புள்ளிகள் அடிவயிற்றிலும், காதின் உட்புறத்திலும், ஈறுகளிலும் திடீரென்று தோன்றும். சில வேளைகளில், அடியேதும் படாமலே, கன்றிப்போன நீலச் சிவப்புத் திட்டுகள் காணப்படும். இவை பொதுவாக அரிப்பதில்லை. நாய் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. இது தோலில் பிறந்த நோயன்று. தோலுக்கடியில் கசிந்து நிற்கும் இரத்தம்.

இவ்விரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. சுத்தமான கண்ணாடித் தம்ளரின் அடிப்பாகத்தைச் சிவந்த இடத்தின்மீது மெதுவாக அழுத்திப் பாருங்கள். கண்ணாடி வழியே பார்க்கும்போது சிவப்பு மறைந்து தோல் வெளுத்தால், இரத்தம் குழாய்க்குள்ளேதான் இருக்கிறது என்று கொள்ளலாம். அழுத்தியும் புள்ளி மறையாமல் அப்படியே நின்றால், இரத்தம் குழாயைவிட்டு வெளியேறிவிட்டது என்று பொருள். அத்தகைய நாயை அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மறுநாளைக்கு என்று தள்ளிவைக்கலாகாது.

எங்கள் குடியிருப்பில் நடந்ததை இங்கே குறிப்பிடுவது பொருந்தும். மணி என்னும் நாட்டு நாயை நாங்கள் ஆறு ஆண்டுகளாக வளர்த்து வருகின்றோம். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் அது மல்லாந்து படுத்திருந்தபோது, வயிறெங்கும் செம்புள்ளிகள் இருப்பதைக் குழந்தைகள் கண்டார்கள். செய்தி மாடிப்படி ஏறி இறங்கிக் கட்டடம் முழுவதும் பரவியது. சிலர் சொறி என்றார்கள். சிலர் குழந்தைகளுக்குத் தொற்றிவிடும் என்று அஞ்சினார்கள். தண்டவாளத்துக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று பெரியவர் ஒருவர் கண்டிப்பாகச் சொன்னார். குழந்தைகளோ நாயைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார்கள்.

அப்பொழுது அடுத்த வீட்டு அம்மையார் ஒரு கண்ணாடித் தம்ளருடன் வந்தார். அவருடைய மகனுக்கு அதற்கு முந்தின ஆண்டில்தான் டெங்கு காய்ச்சல் கண்டிருந்தது. அவர் தம்ளரை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, “அண்ணா, இது சொறி இல்லை. எங்கள் பிள்ளைக்கு வந்த மாதிரி இரத்த சம்பந்தமானது. முதலில் இரத்தத்தைச் சோதியுங்கள், நாயை விரட்டுவதைப் பற்றி அப்புறம் பேசலாம்” என்றார். கூட்டம் கலைந்தது. அன்று மாலையே நாங்கள் மணியை மருத்துவரிடம் தூக்கிச் சென்றோம். தட்டணுக்களின் எண்ணிக்கை 24,000 என்று வந்தது. நலமாக உள்ள நாய்க்கு இது ஏறத்தாழ இரண்டு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை இருக்க வேண்டும். மருத்துவர் நாயின் கால்விரல்களின் இடுக்கை விரித்துக் காட்டினார். அங்கே உண்ணிகள் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன.

டெங்குவின் புண்ணியத்தால் தட்டணு என்னும் சொல் இன்று எல்லா வீடுகளிலும் வழங்குகிறது. இரத்தக் குழாயில் நேரும் நுண்ணிய கிழிசல்களை உடனுக்குடன் அடைப்பவை அவையே. நாய்க்கு அவை ஐம்பதாயிரத்துக்கும் முப்பதாயிரத்துக்கும் கீழே இறங்கும்போது, அடிபடாமலே இரத்தம் கசியும் அபாயம் மிகுகிறது. நாம் வெளியே காணும் செம்புள்ளி அதன் அடையாளமே. உள்ளே குடலிலும் மூளையிலும் அவ்வாறே கசியலாம் என்பதுதான் அச்சத்துக்குரியது.

நம் நாட்டில் இதற்கு அடிக்கடி காரணமாவது உண்ணிக் காய்ச்சல். பழுப்பு நிற நாய் உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்னும் நுண்ணுயிர் நாயின் உடலில் புகுந்து, வெள்ளையணுக்களுக்குள் குடியேறுகிறது. 1935-இல் அல்ஜீரியாவிலிருந்த பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் டொனாசியன், லெஸ்டோக்கார் என்ற இருவர் இதனை முதன்முதலில் விவரித்தார்கள். பின்னாளில் ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக்கின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. 1960-களின் பிற்பகுதியில் வியட்நாம் போர்க்களத்தில் அமெரிக்கப் படையின் நாய்கள் பல, மூக்கில் இரத்தம் ஒழுகி மாண்டதற்கும் இந் நோயே காரணம்.

உண்ணி கொணரும் மற்றொரு நோய்க்கும் நம் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. பபீசியா கிப்சோனி என்னும் நுண்ணுயிரை, மதராஸ் வேட்டைக் குழுவின் நாய்களின் இரத்தத்திலும், பின்னர் நரியின் இரத்தத்திலும் கண்டறிந்து 1910-இல் பாட்டன் என்பவர் வெளியிட்டார். அது சிவப்பணுக்களை அழித்து ஈறுகளை வெளுக்கச் செய்யும், தட்டணுக்களையும் குறைக்கும். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் என்னும் மருந்தை வழக்கமாக 28 நாட்கள் கொடுக்கிறார்கள். கிப்சோனிக்கு வேறு மருந்துகள் தேவை. ஆகவேதான் இரத்தத்தைச் சோதிக்காமல் ஊகத்தால் மருந்து கொடுப்பது கூடாது என்கின்றோம்.

உண்ணி மட்டுமே காரணம் என்று கொள்ளவும் கூடாது. நாயின் நோய் எதிர்ப்புச் சக்தியே திசைமாறித் தன் தட்டணுக்களைத் தாக்குவதும் உண்டு; அதற்குச் சிகிச்சை வேறு. டாபர்மேன் போன்ற சில இனங்களுக்கு இரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கக்கூடும். கல்லீரல் நோயாலும் புற்றுநோயாலும் இரத்தக் கசிவு நேரலாம்.

எலி மருந்தைத் தனியே சொல்ல வேண்டும். தானிய மூட்டைகள் உள்ள சரக்குக் கொட்டகையை அடுத்து வாழும் நமக்கு அது அயலானதன்று. 1920-களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன இனிப்புக் குளோவர்ப் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் மடிந்தன. அக் காரணத்தைத் தேடிய ஆராய்ச்சியின் வழியே வார்பரின் பிறந்து, 1948-இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. இன்று நம் கடைகளில் விற்கும் புரோமடியோலோன் அதே வழியில் வேலை செய்வது. நஞ்சைத் தின்ற நாய் அன்று ஓடியாடும். இரண்டு மூன்று நாட்களுக்கும் மேலான பிறகே கன்றல்களும், மூச்சுத் திணறலும், சோர்வும் தோன்றும். இதற்கு வைட்டமின் கே1 என்னும் மாற்று மருந்து இருக்கிறது. எலி மருந்தின் உறை கிடைத்தால் அதனையும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இனி, செய்யத் தகாதவை சில. மனிதருக்குரிய வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரினும் ஐபுபுரூபெனும் இரத்தக் கசிவை மிகுவிக்கும். மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் பூசினால் உள்ளே கசியும் இரத்தம் நிற்காது. நாயைத் தாவவும் ஓடவும் விடாதீர்கள். கடினமான எலும்பைக் கடிக்கக் கொடுக்காதீர்கள். மூக்கில் இரத்தம், தார் போன்ற கறுத்த மலம், சிவந்த சிறுநீர், வெளுத்த ஈறு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் நள்ளிரவாயினும் புறப்படுங்கள். பரேலில் பழம்பெருமை வாய்ந்த பாய் சக்கர்பாய் மருத்துவமனையும், 1886-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருப்பது இந் நகர வாசிகளின் பாக்கியம்.

மணி நான்காம் நாள் தயிர்சாதம் உண்டது. ஒரு மாதத்துக்குப் பின் தட்டணுக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டின. ஆனால் அதே மழைக்காலத்தில், எங்களுக்கு அடுத்த கட்டடத்தில் இருந்த ஒரு நாய்க்கும் அத்தகைய புள்ளிகளே தோன்றின. தோல் நோய் என்று எண்ணிப் பத்து நாட்கள் களிம்பு தடவினார்கள். மூக்கில் இரத்தம் கொட்டிய பிறகு மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார்கள். வழியிலேயே அது உயிர் நீத்தது. அவர்களுடைய அன்பு எங்கள் அன்பிற்குக் குறைந்ததன்று. அவர்கள் வீட்டில் தம்ளர் இருந்தது. தம்ளரின் பயனைச் சொல்ல ஒருவர் இல்லை. இன்று நாம் பேச முன்வந்ததன் காரணம் இதுவே.

தொற்றிக்கொள்ளும் என்ற அச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். உண்ணிக் காய்ச்சல் கண்ட நாயைத் தொடுவதால் குழந்தைகளுக்கு நோய் வருவதில்லை. நோயைச் சுமப்பது உண்ணி. ஆகவே விரட்ட வேண்டியது உண்ணியையே. உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேலன்று, சுவர் வெடிப்பிலும் கதவு இடுக்கிலும் கழிக்கிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்திட்டு, வெடிப்புகளை அப்படியே விட்டால் பயனில்லை. சிமெண்டு பூசி அடையுங்கள். விரிப்புகளை வெந்நீரில் அலசுங்கள். ஒட்டிய உண்ணியை விரலால் நசுக்காமல், இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். உண்ணியைத் தடுக்கும் மாத்திரைகளும் சொட்டு மருந்துகளும் இன்று கிடைக்கின்றன; நாயின் எடைக்கு ஏற்ற அளவை மருத்துவரே சொல்லுவார்.

தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மாட்டேன் என்று தருமபுத்திரர் மறுத்த கதையை நாம் அனைவரும் அறிவோம். அவ்வளவு பெரிய தியாகம் நம்மிடம் எவரும் கேட்கவில்லை. ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் நாயின் காதையும், வயிற்றையும், விரலிடுக்கையும், ஈற்றையும் பாருங்கள். புள்ளி கண்டால் அழுத்திப் பாருங்கள். மறையாவிடில் அன்றே புறப்படுங்கள். தனக்கு நேர்ந்ததை வாய்விட்டுச் சொல்ல இயலாத ஜீவனுக்காக நாம்தான் கண் திறந்து பார்க்க வேண்டும்.