கேட்காமல் சொன்ன யோசனை

(வானொலியில் ஆற்றிய மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று கோல்ஃப் விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். வேறு நிலையம் வந்துவிட்டதோ என்று யாரும் ரேடியோவைத் திருக வேண்டாம். இது மறையுரைதான்.

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில், ஃபிங்கர்போஸ்ட் பக்கம் விரிந்து கிடக்கும் பச்சைப் புல்வெளியில் சிலர் வளைந்த மட்டையோடு நடப்பதை நீங்கள் பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பீர்கள். நம் கோவையிலும் செட்டிபாளையத்தில், கரி மோட்டார் கார் பந்தயத் தளம் இருக்கும் அதே வட்டாரத்தில், 18 குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் இருக்கிறது. பந்தின் எடை 46 கிராமுக்குள். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். பந்தை யாரும் உங்களை நோக்கி வீசுவதில்லை. அது சும்மாதான் கிடக்கிறது. சும்மா கிடக்கிற பந்தை அடிப்பதில் என்ன சிரமம் என்று நாமும் நினைத்திருந்தோம்.

நமக்குத் தெரிந்த இரண்டு நண்பர்கள். ஒருவர் பவுண்டரி வைத்திருக்கிறார், மற்றவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்லூரியில் ஒரே பெஞ்சு. வங்கிக்காரருக்கு ஓய்வுக்குப் பிறகு சர்க்கரை ஏறியது. நடக்கச் சொன்னார் டாக்டர். "தனியா ரோட்டுல என்னத்த நடக்கற, என்கூட வா" என்று பவுண்டரிக்காரர்தான் அவரைக் கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். சனிக்கிழமை தோறும் விடிகாலையில் ஒரே காரில் போவார்கள். இதையெல்லாம் பவுண்டரிக்காரரின் அனுமதியோடுதான் சொல்கிறோம். "பேர மட்டும் சொல்லீராதீங்க சாமி" என்றார்.

ஒரு சனிக்கிழமை நம்மையும் அழைத்தார்கள். தொப்பியும் கேன்வாஸ் ஷூவும் மாட்டிக்கொண்டு ஒன்பது குழி தூரம் கூடவே நடந்தோம். முதல் குழியில் வங்கிக்காரர் அடித்த பந்து தரையோடு உருண்டது. "தலையத் தூக்கிட்டியேப்பா" என்றார் நண்பர். அடுத்த குழியில், "முழங்கைய மடக்காத." அதற்கடுத்து, "பிடி இறுக்கமா இருக்கு, தளர்த்து." பிறகு கால் அகலம், பிறகு தோள். அடி என்பது ஏறக்குறைய ஒரு விநாடியில் முடிந்துவிடும் காரியம். அந்த ஒரு விநாடிக்குள் தலை, முழங்கை, பிடி, கால், தோள் என்று ஐந்தையும் அந்த மனிதர் நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மூன்றாம் குழி வரை சிரித்தார். ஐந்தாம் குழியில் பேச்சு நின்றது. ஏழாம் குழியில் பந்து பத்தடி தூரம்கூடப் போகவில்லை. மட்டையைப் பைக்குள் போட்டுவிட்டு, "எனக்கு எதுவும் சொல்லாத" என்றார், மெதுவாக.

"உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்" என்றார் இவர். இத்தனைக்கும் இவர் அடித்த பந்து அன்று இரண்டு தடவை தண்ணீரில் விழுந்திருந்தது.

அவர்கள் கூட ஒரு கேடி வந்தார். நம் ஊரில் கேடி என்றால் வேறு அர்த்தம். இங்கே மட்டைப் பையைச் சுமந்து கூட நடப்பவருக்குப் பெயர் கேடி. பக்கத்துக் கிராமத்துக்காரர், பல வருடமாகப் பை சுமக்கிறவர். இவர்களை லேசாக நினைத்துவிடாதீர்கள். 1991ஆம் ஆண்டு இந்தியன் ஓப்பன் போட்டியை வென்ற அலி ஷேர், டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர். 1993லும் அவரே வென்றார். அன்று நம்மோடு நடந்த கேடி ஒன்பது குழியும் வாய் திறக்கவில்லை. திரும்பி வரும்போது, "உங்களுக்கு அவர் தப்பு தெரிஞ்சிருக்குமே, ஏன் சொல்லலை?" என்று கேட்டோம்.

"கேட்டா சொல்லுவனுங் சாமி. அவுரு கேக்கலீங்களே" என்றார்.

கோல்ஃப் விதிகளில் ஒரு விதி உண்டு என்பது நமக்குப் பிறகுதான் தெரிந்தது. உலகம் முழுவதற்கும் ஒரே விதிப் புத்தகம்தான். 2019ல் திருத்தி அமைத்த அந்தப் புத்தகத்தில் 10.2 என்ற எண் போட்ட விதி இது: போட்டி நடக்கும்போது எந்த ஆட்டக்காரரும் எதிராளிக்கு யோசனை சொல்லக் கூடாது, அவரிடம் யோசனை கேட்கவும் கூடாது. தன் கேடியிடம் கேட்கலாம், தன் அணியில் கூட்டாக ஆடுபவரிடம் கேட்கலாம். குழி எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம், விதி என்ன சொல்கிறது என்பதெல்லாம் யோசனைக் கணக்கில் வராது. யாரும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் 'இப்படி அடி', 'இந்த மட்டையை எடு' என்று சொன்னால் இரண்டு அடி தண்டம். ஒருவருக்கு ஒருவர் ஆடும் ஆட்டமானால் அந்தக் குழியே போய்விடும்.

இப்படி ஒரு விதி நம் கோயில் வாசலில் இருந்தால், ஞாயிறு திருப்பலி முடிந்த பத்தாவது நிமிடத்தில் எத்தனை பேர் தண்டம் கட்டுவோம்? "புள்ளைய அந்த ஸ்கூல்லயா போட்டீங்க?" "தென்னைக்கு வெள்ளை ஈ வந்துருச்சா, நீங்க உப்பு வெச்சிருக்கணும்." "கம்பங்கூழ் குடிங்க, சர்க்கரை ஓடிப்போகும்." நாம்தான் முதலில் கட்ட வேண்டியிருக்கும். குருமடத்தில் பத்து வருடத்துக்கு மேல் படித்து வந்த வாய் இது.

சனிக்கிழமை ஆட்டம் போட்டியல்ல, அதனால் அங்கே தண்டம் கிடையாது. பவுண்டரிக்காரருக்கு இந்த விதி நன்றாகவே தெரியும். போட்டி நாளில் அவர் வாயைத் திறக்க மாட்டார். அறிமுகமே இல்லாத எதிராளிக்குக் கொடுத்த அந்த மரியாதையை நாற்பது வருட நண்பருக்குக் கொடுக்கத் தோன்றவில்லை. சில வாரம் கழித்து கிளப்பில் சாப்பிடும்போது, நண்பர் பந்தடிக்கும் விதத்தை நாலு பேர் முன்னால் நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறார். அத்தோடு முடிந்தது. ஐந்து மாதம் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு பேரும் அதே எட்டு மணித் திருப்பலிக்கு வருகிறார்கள். சமாதானம் பகிரும் நேரத்தில் ஒருவர் தூண் பக்கம் திரும்பிக்கொள்கிறார், இன்னொருவர் சன்னல் பக்கம். பீடத்தில் நிற்பவர்களுக்கு எல்லாம் தெரியும்.

இங்கே ஒரு கேள்வி வரும். தவறு செய்கிற சகோதரனைத் திருத்தச் சொல்லி ஆண்டவரே கட்டளையிட்டிருக்கிறாரே? மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஐயப்படுவோருக்கு ஆலோசனை கூறுவது ஏழு ஆன்ம இரக்கச் செயல்களில் ஒன்று என்று மறைக்கல்வி வகுப்பிலேயே படித்தோமே? உண்மை. அந்த 18ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். அங்கே பேசப்படுவது பாவம். முழங்கையை மடக்குவது பாவம் அல்ல. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதும், தென்னைக்கு என்ன வைப்பது என்பதும் பாவம் அல்ல. பாவமாகவே இருந்தாலும், முதலில் தனியாகப் போய்ப் பேசு என்கிறார் ஆண்டவர். நாலு பேர் சாப்பிடும் மேசையில் அல்ல. இரக்கச் செயலிலும் ஐயப்படுவோருக்கு என்றுதான் இருக்கிறது. ஐயமே படாமல் தன் பாட்டுக்கு நிற்கிறவரைப் பிடித்து நிறுத்தச் சொல்லவில்லை. அதே ஏழில், தொல்லை தருவோரைப் பொறுத்துக்கொள்வதும் ஒன்று. யோசனை சொல்கிறவர்கள் எல்லாரும் முதல் செயலைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, இந்தப் பின்னதை மற்றவருக்கு விட்டுவிடுகிறோம்.

புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் இதற்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். சகோதரனைத் திருத்துவது அன்பின் செயல் என்கிறார். ஆனால் இடமும் நேரமும் பொருந்தி வர வேண்டும். திருத்தப் போய் அவன் இன்னும் மோசமாகிவிடுவான் என்று தெரிந்தால் விட்டுவிட வேண்டும் என்கிறார். பாவத்துக்கே இப்படி என்றால் மற்றதற்கு என்ன சொல்வது?

கேட்காமல் சொன்ன யோசனை எல்லாமே தப்பு என்று சொல்ல வரவில்லை. விடுதலைப் பயண நூல் 18ஆம் அதிகாரத்தில் ஒரு மாமனார் வருகிறார். மோசேயின் மாமனார் இத்திரோ. நம் கொங்கு நாட்டில் மாமனார் வீட்டுக்கு வந்து மருமகனுக்கு யோசனை சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இத்திரோ என்ன செய்கிறார் பாருங்கள். வந்த அன்று மருமகன் பட்டதையெல்லாம் கேட்கிறார், கேட்டு மகிழ்கிறார், கூட உட்கார்ந்து உண்கிறார். மறுநாள் காலையிலிருந்து மாலை வரை மக்கள் வரிசையில் நிற்பதையும், மோசே ஒருவரே உட்கார்ந்து வழக்குத் தீர்ப்பதையும் பார்க்கிறார். பார்த்த பிறகும் உடனே யோசனை சொல்லவில்லை. ஏன் தனியாகச் செய்கிறாய் என்று கேட்கிறார். மோசே காரணம் சொல்கிறார். அதற்குப் பிறகுதான், இப்படியே போனால் நீயும் களைத்துவிடுவாய், மக்களும் களைத்துவிடுவார்கள், ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைத்துக்கொள் என்கிறார். கடவுளுக்கு அது சம்மதமானால் என்றும் சேர்த்துக்கொள்கிறார். மோசே கேட்டுக்கொண்டார். இத்திரோ தம் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார்! பக்கத்திலேயே கூடாரம் போட்டு, தான் சொன்னது நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

போன மாதம் பவுண்டரிக்காரர் பங்கு இல்லத்துக்கு வந்தார். "நா என்ன பண்றதுங் சாமி?" என்றார். இந்த முறை கேட்டு வந்ததால் சொன்னோம்: வீட்டுக்குப் போங்கள், மன்னிப்புக் கேளுங்கள், கோல்ஃப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். முதல் தடவை போனபோது நண்பர் உள்ளே இருந்தும் வெளியே வரவில்லையாம். வீட்டம்மா காபி கொடுத்து அனுப்பினார். இரண்டாம் தடவை வந்து உட்கார்ந்தாராம். சர்க்கரை மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள் என்று சொன்னாராம். "அதுக்கு எதாச்சும் யோசனை சொன்னீங்களா?" என்று கேட்டோம். "வாயெடுத்தேனுங்க, அடக்கீட்டேன்" என்றார். சனிக்கிழமை கார் இன்னும் ஒருவரோடுதான் போகிறது.

நம்முடைய கதையையும் சொல்லிவிட வேண்டும். பல வருடங்களுக்கு முன், வேறொரு பங்கில் இருந்தபோது ஒரு இளம் தம்பதியர். கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. கோயில் வாசலில் ஆளாளுக்கு அந்தப் பெண்ணிடம் ஏதாவது சொல்வார்கள். நாமும் ஒருநாள் வீடு மந்திரிக்கப் போன இடத்தில், மாமியார் முன்னிலையில், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னோம், நவநாள் சொன்னோம், ஒரு டாக்டர் பெயரும் சொன்னோம். அந்தப் பெண் தலையாட்டினார். மூன்று மாதக் கருவை அவர் இழந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. வீட்டில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. நமக்கும் தெரியாது, எப்படி இருக்கிறீர்கள் என்று நாம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவும் இல்லை. அடுத்த ஞாயிறிலிருந்து அவர்கள் வரவில்லை. வேறு பங்குக்குப் போகிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். காரணத்தை அவருடைய அக்கா வந்து சொல்லும்போது நமக்கு மாற்றல் ஆணை வந்திருந்தது. போய்ப் பார்க்கும் துணிவும் வரவில்லை.

யோபுவின் நண்பர்கள் எலிப்பாசு, பில்தாது, சோப்பார் மூவரும் முதல் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். பிறகு வாய் திறந்தார்கள். பக்கம் பக்கமாகப் பேசினார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் அவர்கள் மேல் சினம் கொள்கிறார். தப்பாகப் பேசிய அவர்களுக்காக மன்றாடும் பொறுப்பை யோபுவிடமே கொடுக்கிறார். யோபு மன்றாடினார்.

அந்தத் தம்பதியர் எங்காவது இந்த ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருந்தால், நமக்காக ஒருமுறை மன்றாடும்படி கேட்டுக்கொள்கிறோம்.