வீடியோவை நிறுத்திய பிறகு

துபாய், ஷார்ஜா, மஸ்கட், குவைத், தோஹா என்று வளைகுடாவில் எங்கிருந்து நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தாலும் சரி, உங்களுக்குத் தெரிந்த ஒருவராவது இணையவழிப் படிப்பு ஒன்றில் சேர்ந்திருப்பார். பணம் கட்டி, புது நோட்டு வாங்கி, முதல் மூன்று வாரம் ஆசையாகப் பாடம் பார்த்திருப்பார். நான்காவது வாரம் டூட்டி மாறியிருக்கும், அல்லது ஊரிலிருந்து விருந்தாளி வந்திருப்பார்கள். அத்தோடு படிப்பு நின்றிருக்கும். அந்த நான்காவது வாரத்தைத் தாண்டுவது பற்றித்தான் இன்று பேசுகிறேன். பழகினால் யாருக்கும் கைவரக்கூடிய கலை அது என்பது என் நம்பிக்கை.

தூரத்திலிருந்து படிப்பது நமக்குப் புதிதல்ல. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது; அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இல் தொடங்கியது. பாடங்கள் தபாலில் கட்டாக வரும். மேசை மேல் அந்தக் கட்டு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். தேர்வுக்கு என்று ஒரு தேதி, ஒரு ஊர், ஒரு மண்டபம் இருக்கும். இன்றைய படிப்பில் பாடம் முழுவதும் கைப்பேசிக்குள் போய்விட்டது. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று ஆனபோது, இப்போதே பார்க்க வேண்டும் என்ற நெருக்கடி போய்விட்டது.

இதன் விளைவை அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் நடத்திய இணையப் பாடங்களை ஆராய்ந்து 2019-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18 ஆண்டில் சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பாடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் 46 சதவீதம் பேர் முடித்திருக்கிறார்கள். அதையும் கவனியுங்கள்: பணம் கட்டிய பிறகும் பாதிக்கு மேற்பட்டவர்கள் நடுவழியில் நின்றுவிட்டார்கள். பணம் ஓரளவுக்குத்தான் இழுத்துப் பிடிக்கும்.

வேறு எது பிடிக்கும்? நம் கண்முன் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. வயது வரம்பு இல்லை. ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு எழுத வேண்டியதில்லை. நான்கு வாரப் பாடத்தை அவர்களே தருகிறார்கள். கணிதம், புள்ளியியல், கணக்கீட்டுச் சிந்தனை, ஆங்கிலம். அதைப் படித்து, அதிலிருந்தே தேர்வு எழுதித் தேறினால் இடம். நான் சொன்ன அந்த நான்காவது வாரத்தை நுழைவாயிலிலேயே வைத்துவிட்டார்கள். உள்ளே போன பிறகு 12 வாரம் ஒரு பருவம். ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று பருவம். பாடம் பதிவுசெய்த வீடியோவாக வருகிறது, நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வாராவாரம் அசைன்மென்ட் உண்டு. அதில் குறைந்தபட்ச மதிப்பெண் இல்லையென்றால் தேர்வில் உட்கார முடியாது. தேர்வை நேரில் போய்த்தான் எழுத வேண்டும். இந்தியாவுக்கு வெளியே அமீரகம், குவைத், பஹ்ரைன், இலங்கை ஆகிய இடங்களிலும் மையம் வைத்திருக்கிறார்கள்.

பார்ப்பதில் முழுச் சுதந்திரம், செய்வதில் கண்டிப்பு. இந்த அமைப்பை நான் மனதாரப் பாராட்டுகிறேன். கண்டிப்பு இல்லாத படிப்பில் நீங்கள் சேர்ந்திருந்தால், அதை நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். தேர்வுத் தேதி ஒன்றை முன்கூட்டியே பதிவுசெய்து கட்டணத்தைக் கட்டிவிடுவது அதற்கு ஒரு வழி. ஒரே பாடத்தில் சேர்ந்த இரண்டு பேர் வாரம் ஒருமுறை சந்தித்துக் கணக்குப் போடுவது அதைவிடச் சிறந்த வழி.

இப்போது நேரம். ஒரு பாடத்துக்கு வாரம் சுமார் 10 மணி நேரம் ஒதுக்கச் சொல்கிறது சென்னை ஐ.ஐ.டி. அமீரகத்தில் தனியார் வேலை என்றால் வாரம் 48 மணி நேரம் வரை போகும். ஷார்ஜாவில் குடியிருந்து ஜெபல் அலியில் வேலை பார்ப்பவருக்குச் சாலையிலேயே தினம் எத்தனை மணி நேரம் போகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பருவத்தில் நான்கு பாடம் எடுத்தால் அதுவே இன்னொரு முழுநேர வேலை. ஒன்று எடுங்கள், மிஞ்சினால் இரண்டு. இளநிலைப் பட்டத்தின் 142 கிரெடிட்டையும் முடிக்க எட்டு ஆண்டுவரை அவகாசம் தருகிறார்கள். முந்திக்கொண்டு ஓடி மூச்சு வாங்கி நிற்பவர்களைவிட, பருவத்துக்கு ஒன்றிரண்டு பாடமாக அடுக்கிக்கொண்டு போகிறவர்கள்மீதுதான் எனக்கு மதிப்பு அதிகம்.

அசைன்மென்ட் கெடு நேரத்தையும் நம் கடிகாரத்துக்கு மாற்றி எழுதி வையுங்கள். இந்தியாவில் இரவு 11.59 என்றால் அமீரகத்திலும் ஓமனிலும் 10.29. சவூதி, குவைத், கத்தார், பஹ்ரைனில் 9.29. வேலை முடிந்து, சமைத்துச் சாப்பிட்டு உட்காரும் நேரத்தில் கதவு சாத்தியிருக்கும். அதனால் கடைசி நாள் என்பதை முந்தின நாளாகவே வைத்துக்கொள்வது வளைகுடாவில் இருப்பவருக்குப் பாதுகாப்பு. ரமலான் மாதத்தில் அமீரகத்தில் வேலை நேரம் தினம் இரண்டு மணி குறைகிறது. பின்தங்கிய பாடத்தை எட்டிப்பிடிக்க அதைவிட நல்ல காலம் ஆண்டில் கிடையாது.

இனி நான் மிக முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன். வீடியோ பார்ப்பது படிப்பு ஆகாது. ஆசிரியர் நன்றாகச் சொல்லச் சொல்ல எல்லாம் புரிவதுபோலவே இருக்கும். அந்தத் தெளிவு அவருடையது; நம்முடையதாக இன்னும் ஆகவில்லை. கார்ப்பிக், ரோடிகர் என்ற இரு உளவியல் அறிஞர்கள் 2008-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஸ்வாஹிலி மொழிச் சொற்களைப் பொருளோடு கற்பித்தார்கள். ஒரு பிரிவினர் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, சொல்லிப் பார்த்தவர்களுக்கு நூற்றுக்கு 80 நினைவிருந்தது. படித்துக்கொண்டே இருந்தவர்கள் 40-ஐக்கூட எட்டவில்லை.

ஆகவே வீடியோவை நிறுத்துங்கள். பத்து நிமிடம் பார்த்தால் நிறுத்தி, திரையைக் கவிழ்த்து, கேட்டதைத் தாளில் எழுதுங்கள். ஆசிரியர் கணக்கைத் தொடங்கியதும் நிறுத்தி, விடையை நீங்கள் போட்டுப் பாருங்கள். பிறகு அவர் எப்படிப் போடுகிறார் என்று கேளுங்கள். நீச்சலைக் கரையில் நின்று பார்த்துக் கற்றவர் யாரும் இல்லை. இப்படிச் செய்தால் அரை மணிப் பாடத்துக்கு ஒன்றரை மணி ஆகும். ஆகட்டும். இந்தத் தாமதத்தில்தான் பாடம் நம்மிடம் தங்குகிறது. இரட்டை வேகத்தில் ஓட்டிப் பார்த்து முடித்தேன் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது; முடித்தது வீடியோதான்.

ஒரே அறையில் ஆறு பேர், எட்டுப் பேர் தங்கியிருக்கும் இடத்தில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே நடக்கக்கூடியதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கம்பெனி வண்டியில் போகும்போது பாடத்தைக் காதால் கேட்கலாம். அது அறிமுகத்துக்குப் போதும். எழுதுவதற்கு மட்டும் ஒரு மூலை வேண்டும். அது நூலகமாக இருக்கலாம், அறையில் மற்றவர்கள் எழுவதற்கு முந்தைய விடியற்காலையாக இருக்கலாம். அறைத் தோழர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். படிக்கிறவனுக்காகத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கிற மனிதர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள்.

பிள்ளைகளைத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் சேர்த்துவிட்டு இங்கே இருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்வயம், என்.பி.டி.இ.எல். என்ற இணையத் தளங்களின் பாடங்களைக் கல்லூரிக் கிரெடிட்டாகச் சேர்த்துக்கொள்ளலாம். 12 வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட். ஒரு பருவத்தின் மொத்தப் பாடங்களில் 40 சதவீதம்வரை பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் அனுமதித்தது. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்பது அந்தந்தக் கல்லூரியின் முடிவு. சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இங்கே வேலைக்காகப் பட்டத்தைக் காட்டப் போகிறவர்களும் அப்படித்தான்; இணையவழிப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று கிடைக்குமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் நீங்கள் இருக்கும் நாட்டின் கல்வி அமைச்சகத்திடம் விசாரியுங்கள்.

கடைசியாக லீவு. சென்னை ஐ.ஐ.டி.யின் மே மாதப் பருவத்தில் சேருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். குடும்பத்தோடு ஊருக்குப் போவதும் அப்போதுதான். அந்தப் பருவத்தின் தேர்வுகளும் அதே மாதங்களில் வரும். டிக்கெட் எடுப்பதற்கு முன் தேர்வு அட்டவணையைப் பாருங்கள். எந்த ஊரில் தேர்வு எழுதுகிறீர்கள் என்று படிவத்தில் கேட்கும்போது, தேர்வு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் துபாயில் இருப்பீர்களா, திருச்சியில் இருப்பீர்களா என்பதை வீட்டில் கலந்து பேசிவிட்டு நிரப்புங்கள்.