காது கொடுப்போம்



யூபிலி விழாவுக்காக நாம் பணம் கொடுத்தோம், உழைப்பைக் கொடுத்தோம். காசு செலவில்லாமல் கொடுக்கக்கூடிய இன்னொன்றைப் பற்றி இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம். "காது கொடுத்துக் கேள்" என்பார்கள் நம் பெரியோர். கேட்பதையும் ஒரு கொடையாகவே தமிழ் கருதுகிறது.

நமது திருநின்றவூர்க்காரர் ஒருவரின் வரலாறு பெரியபுராணத்தில் இருக்கிறது. பூசலார் என்பவர், கோயில் கட்டக் கையில் பொருளில்லாமல், மனத்துக்குள்ளேயே ஒரு கோயிலைக் கட்டி முடித்தார். காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய காடவர் அரசன் இங்கு வந்து, "பூசலார் கட்டிய கோயில் எங்கே?" என்றான். "அப்படி ஒன்றும் இங்கே இல்லையே" என்றனர் ஊரார். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியாது. அரசன் பூசலாரையே நேரில் கண்டு கேட்ட பிறகுதான் செய்தி வெளிவந்தது. சமய வேறுபாடின்றி நாம் யாவரும் கொள்ளத்தக்க பாடம் இது. அடுத்த வீட்டுக்காரர் நெஞ்சில் நிற்பது கோயிலோ, இடிபாடோ, கேட்டாலன்றி நமக்குத் தெரியாது.

ஆனால் நாம் கேட்கிறோமா? அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஷிப்டு முடித்து, மின்சார ரயிலில் நின்றபடியே வந்து சேருகிறோம். களைப்பு உண்மைதான். மனைவி ஒரு குறையைச் சொல்லத் தொடங்கினால், "விடு, எல்லா வீட்டிலும் இப்படித்தான்" என்று பாதியிலேயே முடித்துவிடுகிறோம். மகள் "கணக்கு வரவில்லை அப்பா" என்றால், "அந்தக் காலத்தில் நாங்கள்..." என்று நம் கதையை ஆரம்பித்துவிடுகிறோம். ஆறுதல் சொல்வதாக எண்ணி வாயை அடைத்துவிடுகிறோம். போதாக்குறைக்கு இப்போது கையில் கைபேசி!

1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குரு, தற்கொலை எண்ணத்தில் தவிப்போருக்காக ஒரு தொலைபேசிப் பணியைத் தொடங்கினார். அவரைக் காணக் காத்திருந்தோருக்குத் தேநீர் கொடுக்கச் சில தொண்டர்கள் இருந்தனர். அந்தத் தொண்டர்களிடம் மனம்விட்டுப் பேசிய பலர், குருவைப் பார்க்காமலேயே தெளிவு பெற்றுத் திரும்பினர். இதைக் கண்ட அவர் 1954-இல் அப்பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். அதே வழியில் கொழும்பில் 1974-இல் 'சுமித்ரயோ'வும், சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் முயற்சியால் 1986-இல் 'சிநேகா'வும் தோன்றின. அங்கே கேட்பவர்கள் பயிற்சி பெற்ற சாதாரண மக்களே. குற்றம் சுமத்தாமல், அவசரப்படாமல் கேட்பதே அவர்கள் செய்யும் தொண்டு.

நம் வீட்டிலும் இதைச் செய்யலாம். பேசுபவர் முடிக்கும்வரை குறுக்கிட வேண்டாம். அவர் மௌனமானால் உடனே அதை நிரப்ப வேண்டாம். பல வேளை முக்கியமான சொல் அதற்குப் பிறகுதான் வரும். "நீ சொல்வது இதுதானா?" என்று கேட்டுத் தெளிவோம். கேட்காத புத்திமதியை நிறுத்தி வைப்போம். கேட்ட இரகசியத்தைக் குழாயடிக்குக் கொண்டுபோகாதிருப்போம். யாராவது சாவைப் பற்றிப் பேசினால், "சும்மா மிரட்டுகிறான்" என்று தள்ளிவிடாமல், நேராகவே விசாரித்து, தனியே விடாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.

இன்று இரவு, வீட்டில் மிகக் குறைவாகப் பேசுகிறவர் யாரென்று பாருங்கள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கால்மணி நேரம் காது கொடுங்கள்.