சுழியோடியின் கைக்கடிகாரம்

கைக்கடிகாரம் ஒன்றை விலைகொடுத்து வாங்குபவர் அதனுடன் வரும் சிறு கையேட்டைப் பெரும்பாலும் வாசிப்பதில்லை. வாசித்தாரெனின் சில வேளைகளில் திடுக்கிடவும் நேரும். யப்பானிய நிறுவனமாகிய சீக்கோ, சுழியோடிகளுக்கெனச் செய்யும் நடுத்தர விலைக் கடிகாரங்கள் பலவற்றில் 4ஆர்36 என்னும் பொறியைப் பொருத்துகின்றது. அப்பொறி நாளொன்றுக்கு 45 செக்கன் வரை முந்தவும் 35 செக்கன் வரை பிந்தவும் கூடும் என அந்நிறுவனமே எழுதி வைத்துள்ளது. சாதாரண மின்கலக் கடிகாரமொன்று ஒரு மாதம் முழுவதிலும் பிழைபடும் அளவினும் மிகுதியாக இது ஒரே நாளிற் பிழைபடலாம். உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு கடலடிக்குச் செல்பவன் இத்தகைய ஒன்றையா நம்புவது என்று ஒருவர் கேட்பாராயின், அவரைக் குறைகூறல் இயலாது. கேள்வி நியாயமானதே. ஆயினும், அச்சங்கொள்ள வேண்டிய இடம் அதுவன்று, வேறிடத்தில் இருக்கின்றது.

மன்னார்க் கடலில் முத்துக்குளித்த சுழியோடிக்கு மணிக்கூடு வேண்டியிருக்கவில்லை. மூச்சே அவனுக்கு அளவு. மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பான்; தோணியில் நிற்பவன் இழுத்தெடுப்பான். 1943 ஆம் ஆண்டிலே பிரான்சு தேசத்தவரான யாக் கூஸ்தோ, எமில் கான்யான் ஆகிய இருவரும், அழுத்திய காற்றைக் கலத்தில் அடைத்து முதுகிற் சுமந்து செல்லும் மூச்சுக்கருவியை உருவாக்கிய பின்னர் நிலைமை மாறியது. மூச்சு நீண்டது, அதனுடன் ஆபத்தின் இயல்பும் வேறாயிற்று. ஆழத்தில் அழுத்தத்துடன் உட்செல்லும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் உடலின் இழையங்களிலும் கரைகின்றது. அளவுக்கு மிஞ்சிய நேரம் தங்கிவிட்டு விரைந்து மேலே வருபவனுடைய உடலில், மூடி திறந்த சோடாப் போத்தலிற் போலக் குமிழிகள் தோன்றி, மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். ஆகவே, எத்தனை ஆழத்தில் எத்தனை நிமிடம் தங்கலாம் என்பதற்கு அட்டவணைகள் வகுக்கப்பட்டன. ஐக்கிய அமெரிக்கக் கடற்படை நெடுங்காலம் கையாண்ட அட்டவணை, 60 அடி ஆழத்திற்கு 60 நிமிடமும் 100 அடி ஆழத்திற்கு 25 நிமிடமும் விதித்தது. அதற்கு மேலே தங்கியவன் வழியில் நின்று நின்றே மேலேற வேண்டும்.

இப்பொழுது கணக்கைப் பார்க்கலாம். ஒரு நாளில் 1,440 நிமிடங்கள் உள்ளன. நாளொன்றுக்கு 45 செக்கன் முந்தும் கடிகாரம் 25 நிமிடத்தில் முந்துவது ஏறத்தாழ முக்காற் செக்கன். 60 நிமிடத்தில் முந்துவது இரண்டு செக்கனுக்கும் குறைவு. அட்டவணையோ நிமிடத்தை அலகாகக் கொண்டது. கையேட்டிற் கண்டு அஞ்சிய அந்த 45 செக்கன், நீருக்கடியில் இருப்பவனைத் தீண்டுவதே இல்லை. அவனைக் கொல்லக்கூடியது முந்தும் கடிகாரமன்று, நின்றுவிட்ட கடிகாரம்.

சர்வதேச நியமங்கள் நிறுவனம் சுழியோடிகளின் கடிகாரத்திற்கென 6425 ஆம் இலக்க நியமத்தை 1982 ஆம் ஆண்டில் வெளியிட்டது. பின்னர் அது திருத்தவும்பட்டது. அதன் நிபந்தனைகளை நோக்குவார்க்கு இவ்வுண்மை புலனாகும். கடிகாரம் குறைந்தது 100 மீற்றர் ஆழத்தின் அழுத்தத்தைத் தாங்கல் வேண்டும்; குறித்த ஆழத்தினும் கால் மடங்கு மிகுந்த அழுத்தத்தில் அது சோதிக்கப்படல் வேண்டும். இருளில் 25 சதமமீற்றர் தூரத்தில் முகப்பு தெரிதல் வேண்டும். அவ்விருளிலேயே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கின்றது என்பதற்கு ஓர் அறிகுறியும் தோன்றல் வேண்டும்; செக்கன் முள்ளில் ஒளிரும் புள்ளி வைக்கப்படுவதன் காரணம் அதுவே. சரி, நேரத் திருத்தத்தைப் பற்றி அந்நியமம் யாது கூறுகின்றது? ஒரு மீற்றர் உயரத்திலிருந்து வன்மரத் தரையில் விழுந்தாற்போன்ற அடியைப் பெற்ற பின்னர் கடிகாரத்தின் போக்கு நாளுக்கு 60 செக்கனுக்கு மேல் மாறலாகாது என்கின்றது. அறுபது செக்கன்! சுவிற்சர்லாந்தில் நுண்மைச் சான்றிதழ் பெறும் கடிகாரங்கள் நாளொன்றுக்குச் சராசரி 4 செக்கன் பிந்தலும் 6 செக்கன் முந்தலும் என்ற எல்லைக்குள் நிற்றல் வேண்டும். அந்த அளவுகோலைச் சுழியோடியின் நியமம் கையிலெடுக்கவில்லை. அடிபட்ட பின்னும் ஓடுகின்றதா என்பதே அது கேட்கும் கேள்வி.

மலிவான பொறிகள் ஏன் இவ்வளவு பிழைபடுகின்றன என்பதற்கு விடை அவற்றின் உள்ளே உள்ளது. சுருட்டிய வில்லின் விசை பற்சில்லுகள் வழியாகச் சென்று, இங்கும் அங்குமாக அலையும் சமநிலைச் சில்லைச் சிறிது சிறிதாக உந்துகின்றது. அச்சில்லின் அலைவை அளப்பது மயிரிழை போன்ற ஒரு சுருள். யப்பானின் மலிவான பொறிகள் மணிக்கு 21,600 முறை, அதாவது செக்கனுக்கு ஆறு முறை துடிக்கின்றன. ஒரு நாளில் 5,18,400 துடிப்புகள். இவற்றில் 270 துடிப்புகள் கூடினாலே 45 செக்கன் பிழை வந்துவிடும். வெப்பம், அலைவின் வீச்சு, கடிகாரம் கிடக்கும் நிலை, வில்லில் எஞ்சிய விசை ஆகிய யாவும் அச்சுருளைப் பாதிக்கின்றன. விலையுயர்ந்த பொறியை வினைஞன் ஒருவன் ஐந்து நிலைகளில் வைத்து நாட்கணக்கிற் திருத்துகின்றான். இயந்திரங்கள் பெருந்தொகையாக உருவாக்கும் மலிவான பொறிக்கு அந்தப் பணிவிடை இல்லை. விலையில் உள்ள பெரும் வேறுபாடு இந்த உழைப்பின் வேறுபாடே. ஆகவே கையேட்டில் அகன்றதோர் எல்லை வகுக்கப்படுகின்றது. அவ்வெல்லை உறுதிமொழியேயன்றி வருணனையன்று. பெரும்பாலான பொறிகள் அதன் ஓரங்களை எட்டாமல் நடுப்பகுதியிலேயே ஓடுகின்றன.

ஓடிக்கொண்டே இருத்தல் என்னும் இலட்சியத்தை மலிவான முறையில் அடைந்தவர்களுள் சோவியத் நாட்டவரை முதலிற் கூறல் பொருந்தும். 1941 ஆம் ஆண்டில், யுத்தத்தின் காரணமாக மொஸ்கோவின் இரண்டாவது கடிகாரத் தொழிற்சாலையின் கருவிகளும் தொழிலாளரும் தாத்தாரியாவில் காமா நதிக்கரையிலுள்ள சீஸ்தப்பொல் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கு வளர்ந்த தொழிற்சாலையே வொஸ்தொக். 1967 ஆம் ஆண்டில் அங்கிருந்து அம்பீபியா என்னும் சுழியோடிக் கடிகாரம் வெளிவந்தது. மிகாயில் நோவிக்கொவ், வேரா பெலோவா ஆகிய இருவரும் அதனை வடிவமைத்தனர். 200 மீற்றர் ஆழத்தைத் தாங்கும் கடிகாரம் வேண்டும்; ஆனால் மேல்நாட்டார் கையாண்ட நுண்ணளவான பொருத்தங்களைச் செய்யும் வசதி போதாது. அவர்கள் கண்ட வழி வியக்கத்தக்கது. நீரின் அழுத்தத்தை எதிர்த்து நிற்பதற்குப் பதிலாக, அவ்வழுத்தத்தையே காவலாக்கினர். தடித்த பிளாத்திக்குக் கண்ணாடி அழுத்தத்தின் கீழ்ச் சிறிது வளைந்து தன் இருக்கையில் இறுகுகின்றது. பின்மூடியை நேரே திருகாமல், தனியான திருகுவளையம் ஒன்றினால் அழுத்திப் பிடித்தமையால், இடையிலுள்ள அகன்ற றப்பர் வளையம் முறுக்குண்டு சிதைவதில்லை. ஆழம் மிகமிக அது மேலும் நெருக்கப்படுகின்றது. ஆழத்திற் செல்லச் செல்ல இறுகும் பெட்டி! வறுமை தந்த அறிவு என இதனைக் கூறலாம்.

அக்கடிகாரத்தின் தானியங்கிப் பொறிக்கு வொஸ்தொக் வகுத்த எல்லை 20 செக்கன் பிந்தலும் 60 செக்கன் முந்தலும் ஆகும். சாவிக் குமிழை வெளியே இழுத்தால் அது தளர்ந்து ஆடும். புதிதாக வாங்கியவர் உடைந்துவிட்டதென எண்ணுவர். அது குறையன்று, குமிழில் விழும் அடி உள்ளேயுள்ள தண்டைத் தாக்காதிருக்கச் செய்த ஏற்பாடு. ஆனால், பழைய அம்பீபியாவின் வெளிவளையம் இருபுறமும் சுழல்வது மெய்யான குறைபாடே. சுழியோடி நீரிற் குதிக்கும்போது அவ்வளையத்தின் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைக்கின்றான். கழிந்த நேரத்தை அதிலிருந்தே எண்ணுகின்றான். ஒருபுறம் மட்டும் திரும்பும் வளையம் தற்செயலாக இடறுண்டால், கழிந்த நேரத்தை மிகுத்தே காட்டும். சுழியோடி வேண்டிய நேரத்திற்கு முன்னரே மேலே வந்துவிடுவான். மறுபுறம் திரும்பிய வளையமோ ஐந்து நிமிடத்தை ஒரே கணத்தில் விழுங்கிவிடும். ஐந்து நிமிடம் என்பது 300 செக்கன். எந்த மலிவான பொறியும் ஒரு நாளில் இத்தனை பிழை செய்வதில்லை.

யப்பானியர் வேறு வழியிற் சென்றனர். சீக்கோ நிறுவனம் 1959 ஆம் ஆண்டில் 'மந்திர நெம்பு' என்னும் அமைப்பைக் கண்டது. கை அசையும்போது கடிகாரத்தினுள்ளே ஆடும் எடை எப்புறம் சுழன்றாலும், இரு கொளுவிகளைக் கொண்ட ஒரு நெம்பு, ஒன்றால் இழுத்தும் மற்றொன்றால் தள்ளியும், ஒரே சில்லை ஒரே திசையிற் திருப்புகின்றது. உறுப்புகள் மிகச் சில. பழுதுபட இடமும் குறைவு. 1965 ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் முதலாவது சுழியோடிக் கடிகாரம் 150 மீற்றர் தாங்கும் வலிமையுடன் வெளிவந்தது. 1996 ஆம் ஆண்டில் வந்த 7எஸ்26 என்னும் பொறி அந்த நெம்பையே கொண்டிருந்தது. அதற்குக் கையாற் சாவி கொடுக்க இயலாது. நேரத்தைச் சரிப்படுத்தும்போது செக்கன் முள்ளை நிறுத்தவும் இயலாது. ஆயினும், எண்ணெய் மாற்றாமல் பல ஆண்டுகள் கையிற் கிடந்தும் அது ஓடிக்கொண்டிருப்பதை உலகெங்கும் பலர் கண்டனர். அவ்விரு வசதிகளும் பின்னர் 4ஆர்36 பொறியிற் சேர்க்கப்பட்டன. ஓரியன்ற் நிறுவனம் தன் சுழியோடிக் கடிகாரங்களுக்கு 15 செக்கன் பிந்தலும் 25 செக்கன் முந்தலும் எனச் சற்றுக் குறுகிய எல்லையைக் கூறுகின்றது. சிற்றிசன் குழுவினரின் மியோத்தா பொறிகளுட் சிலவற்றில் ஆடுமெடை ஒருபுறம் சுழன்றால் மட்டுமே சாவி ஏறும். மறுபுறம் அது வெறுமனே உருண்டோடும் ஓசை காதில் விழும். ஓசை தொல்லையேயன்றித் தீங்கன்று.

இனி, திருத்தம் வேறு, நிலைபேறு வேறு என்பதை அறிதல் வேண்டும். நாள்தோறும் தவறாமல் 20 செக்கன் முந்தும் கடிகாரம் நல்ல கடிகாரம். பின்மூடியைத் திறந்து வேகந்திருத்தும் நெம்பைச் சிறிது நகர்த்தினால் அது சரியாகிவிடும். ஒரு நாள் பத்துச் செக்கன் முந்தியும் மறுநாள் பத்துச் செக்கன் பிந்தியும் ஓடுவது மாத முடிவிற் சரியான நேரத்தைக் காட்டக்கூடும். அதனைத் திருத்துவதற்கோ வழியில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குப் பெருங்கருவி எதுவும் வேண்டியதில்லை. வானொலியின் நேரக்குறி ஒலிக்கும்போது, நாள்தோறும் ஒரே நேரத்தில், இரு வாரங்களுக்குப் பிழையைக் குறித்துவைத்தாற் போதும். இரவிற் கழற்றி வைக்கும் நிலையையும் உடன் குறித்தல் நன்று. முகப்பு மேல்நோக்கிக் கிடக்கும்போது முந்தும் கடிகாரம், குமிழ் கீழ்நோக்க நிறுத்தப்படும்போது பிந்தலாம். பகலிற் பெற்றதை இரவில் இழக்கச்செய்து, கடைக்குப் போகாமலே கடிகாரத்தைச் சரியாக ஓட்டுவோர் உளர்.

நின்றுபோதலுக்கும் நிலைகுலைதலுக்கும் காரணங்கள் சிலவே. வில்லில் ஏறத்தாழ 40 மணிநேர விசையே தங்கும். வெள்ளி இரவு கழற்றி வைத்த கடிகாரம் ஞாயிறு மாலை நின்றிருக்கும். அதனை எடுத்து இரண்டு முறை குலுக்கினால் உடனே ஓடத் தொடங்கும். ஓடுகின்றது என்று நம்பி நீரில் இறங்குதல் தகாது. குலுக்கல் ஓட்டத்தைத் தொடக்கி வைக்குமேயன்றி வில்லை நிரப்பாது. சில மணிநேரம் அணிந்த பின்னரோ, வசதியுள்ள பொறியாயின் கையால் இருபது முப்பது முறை சாவி கொடுத்த பின்னரோ இறங்குவதே முறை. கடிகாரம் திடீரென நாளுக்குப் பல நிமிடம் முந்தத் தொடங்கினால், அநேகமாகக் காந்தமே காரணமாகும். ஒலிபெருக்கியும் கைப்பையின் காந்தப் பூட்டும் மயிர்ச்சுருளின் மடிப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும்; காந்தநீக்கும் சிறு கருவி அதனைச் சில கணங்களிற் குணப்படுத்தும். நீர் புகுதலோ பெரும்பாலும் பெட்டியின் குற்றமன்று. திருகி மூடாமல் விட்ட குமிழும் ஆண்டுகள் சென்று வறண்ட றப்பர் வளையமுமே அதன் வாயில்கள். உப்புநீர் ஒருமுறை உட்சென்றால் எஃகு உறுப்புகள் விரைவிற் துருப்பிடித்துப் பொறி முழுவதும் வீணாகும். கடலிலிருந்து வந்தவுடன் நன்னீரிற் கழுவுவதும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வளையங்களை மாற்றி அழுத்தச் சோதனை செய்விப்பதும் பொறியின் விலையோடு ஒப்பிடச் சிறு செலவே.

இக்காலச் சுழியோடி ஆழத்தையும் நேரத்தையும் மின்னணுக் கணிப்பானிற் பார்க்கின்றான். பொறிக் கடிகாரம், கணிப்பான் கைவிடும்போது உதவும் இரண்டாவது துணையாக மணிக்கட்டில் இருக்கின்றது. அதனை வாங்குவோருட் பெரும்பாலோர் கடலில் இறங்குவதுமில்லை. மழையும் வியர்வையும் கிணற்றடியுமே அவர்கள் கடிகாரம் காணும் நீர். இருந்தும் ஒரு சங்கடம் அவர்கள் அனைவருக்கும் பொதுவானது. மலிவான பொறியொன்றைக் கழற்றிச் சுத்தஞ்செய்து எண்ணெயிட்டு மீண்டும் பூட்டுவதற்கு வினைஞனுக்குப் பல மணிநேர வேலை உண்டு. அவ்வேலையின் கூலி பல நாடுகளிற் புதுப்பொறியின் விலையையே மிஞ்சிவிடுகின்றது. 4ஆர் வகைப் பொறிகளின் இனத்ததான என்எச்35 என்னும் பொறியைச் சீக்கோ குழுமமே பிற கடிகாரச் செய்வோருக்குத் தனியாக விற்பதால், பழுதான பொறியை எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தும் வழக்கம் பரவிவிட்டது. பத்து ஆண்டுகள் ஓடித் தளர்ந்த கடிகாரத்தை எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்பவர், மேசை விளக்கின் கீழ்க் கண்ணிற் பூதக்கண்ணாடி செருகிய வினைஞரிடம், திருத்தித் தருவீரா, மாற்றித் தருவீரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுதல் நன்று.