வட்டத்தின் மேல் ஒரு புள்ளி
(கல்விச் சங்க வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)



வெள்ளி விழா மேடையில் கணக்குப் பாடமா என்று சிலர் வியக்கக்கூடும். காரணம் உண்டு. நன்கு பயிலும் நம் பிள்ளைகளுள் பலர், சைன், கொசைன் என்னும் பெயர்களைக் கண்டு அஞ்சி, பத்தாம் வகுப்போடு கணிதத்தைக் கைவிட்டு விடுகின்றனர். அதனோடு பொறியியலும் நில அளவையும் கட்டடக் கலையும் அவர்களுக்கு எட்டாமற் போகின்றன. ஆதலால் அவ்விரு சொற்களையும் இங்கேயே விளக்கிவிட எண்ணுகிறோம்.

ஒரு வட்டக் கிணற்றைச் சுற்றிப் பன்னிரண்டு கற்றூண்களைச் சம இடைவெளியில் நட வேண்டும். ஒவ்வொன்றும் நடுவிலிருந்து 10 அடித் தொலைவில் நிற்க வேண்டும். வெறுந் திடலாயின் நடுவில் முளையடித்துக் கயிறு கட்டிச் சுற்றிவிடலாம். இங்கோ நடுவிடம் தண்ணீரின் மேல் அமைந்திருக்கிறது. என் செய்வது?

நடுவிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு கோடு செல்வதாகக் கொள்வோம். அதிலிருந்து வடக்கு நோக்கி எத்தனை பாகை திரும்புகிறோமோ, அதுவே கோணம். அக்கோணத்திற்குரிய புள்ளியை அடையக் கிழக்கே எவ்வளவு செல்ல வேண்டும் என்பதைக் கொசைன் கூறும். அங்கிருந்து வடக்கே எவ்வளவு என்பதைச் சைன் கூறும். இரண்டையும் ஆரத்தால் பெருக்கினால் போதும். விடை குறை எண்ணாக வந்தால் திசை மாறும். கிழக்கு மேற்காகும், வடக்கு தெற்காகும்.

பன்னிரண்டு தூண்களாதலின் ஒவ்வொன்றிற்கும் இடையே 30 பாகை. கொசைன் 30 பாகை 0.866, சைன் 30 பாகை 0.5. ஆகவே அப்புள்ளி கிழக்கே 8.66 அடியிலும் வடக்கே 5 அடியிலும் உள்ளது. 60 பாகைக்கு இவ்விரு அளவுகளும் தம்முள் இடம் மாறிக்கொள்ளும்.

இனிக் கிணற்றைச் சுற்றி, பக்கத்திற்கு 20 அடியாக ஒரு சதுரத்தைக் கயிற்றால் அமைப்போம். கிணற்றின் விளிம்பு நான்கு பக்கங்களுக்கும் சம தூரத்தில் இருக்கட்டும். பக்கங்களின் நடுப்புள்ளிகளில் நான்கு தூண்கள் நிற்கும். கிழக்குப் பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து கயிற்றோரமாக வடக்கே 5 அடி சென்று, உள்நோக்கி 1.34 அடி, அதாவது ஏறத்தாழ 1 அடி 4 அங்குலம் அளந்தால், அடுத்த தூணின் இடம் கிடைக்கும். 10 அடியில் 8.66 அடி போக எஞ்சியதே அவ்வளவு. அதே கயிற்றில் 8 அடி 8 அங்குலம் சென்று உள்நோக்கி 5 அடி அளந்தால் அதற்கடுத்த தூண். மற்ற மூன்று மூலைகளிலும் இவ்வாறே. கிணற்றின் நடுவைத் தொடாமலே பன்னிரண்டு தூண்களும் வட்டமாய் அமைந்துவிடும்.

கிணற்றுக்குப் பொருந்துவது பூமிக்கும் பொருந்தும். நம் கன்னியாகுமரி நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 8 பாகையில் உள்ளது. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். அதனைக் கொசைன் 8 பாகையால் பெருக்கினால், பூமியின் அச்சிலிருந்து நாம் ஏறத்தாழ 6,310 கிலோமீட்டர் தொலைவில் உள்ளோம் என்பது விளங்கும். சைன் 8 பாகையால் பெருக்கினால், நிலநடுக்கோட்டுத் தளத்திற்கு மேலே ஏறத்தாழ 890 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளோம் என்பது தெரியவரும்.

இக்கணக்கு பிற நாட்டுச் சரக்கன்று. ஆரியபட்டர் 499-ஆம் ஆண்டையொட்டி, 3,438 அலகு ஆரமுள்ள வட்டத்திற்கு, மூன்றே முக்கால் பாகைக்கு ஒன்றாக 24 அளவுகளைத் தந்தார். அதில் 30 பாகைக்குரியது 1,719, ஆரத்தில் சரிபாதி. நாம் மேலே கண்ட 0.5 அதுவே. வில்லின் நாணைக் குறிக்கும் வடசொல் அரபு மொழிக்குச் சென்றது. அங்கே அது 'மடிப்பு' என்னும் பொருளுடைய வேறொரு சொல்லாகப் படிக்கப்பட்டு, இலத்தீன் வழியே சைன் என்றாயிற்று. நாம் அஞ்சும் சைன், நம் நாட்டு நாண்தான்.

ஆயினும் ஏட்டிலிருந்த அவ்வறிவு நம் முன்னோர் கைக்கு எட்டவில்லை. நம் மாவட்டம் அன்று திருவிதாங்கூரின் பகுதி. அங்கே நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறக்கப் போராடியவர் அய்யன்காளி. 1907-ஆம் ஆண்டில் சாதுஜன பரிபாலன சங்கத்தை நிறுவிய அவர், ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, அப்பள்ளிக்கே தீ வைத்தனர். 1937-இல் காந்தியடிகளிடம் அவர் தெரிவித்த விருப்பம், தம் மக்களுள் பத்துப் பேர் பட்டதாரிகளாக வேண்டும் என்பதே. அத்தனை இன்னல்களுக்கிடையே திறக்கப்பட்ட கதவை, ஒரு பாடத்திற்கு அஞ்சி நாமே சாத்திக்கொள்ளலாகாது.

கயிறும் முளையும் நமக்குப் புதியவை அல்ல. வரப்புக்குக் கயிறு பிடித்தவரும் சுவருக்கு நூல் கட்டியவரும் நம் பெரியோரே. கையிலிருந்த அவ்வறிவோடு அட்டவணையின் இரண்டு எண்களைச் சேர்த்துக்கொள்வதே இனி நம் வேலை. இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கயிறும் அளவு நாடாவும் கொண்டு, பள்ளித் திடலிலேனும் கிணற்றடியிலேனும் பன்னிரண்டு புள்ளிகளைக் குறித்துக் காட்ட வேண்டும். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அருகில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவர்கள் கையிலேயே கயிற்றைக் கொடுங்கள். தாமே அளந்து கண்டவர்க்குப் பாடநூலில் அச்சம் இராது.

கல்வி வளர்க! சங்கம் வாழ்க!